கண்: பழுப்பு

காஸ்பர் நகரில் வாங்கிய லைசென்ஸ்
என் பிறந்தநாளன்று செத்துப்போகும்.
அடுப்படிக் காலண்டரில் அந்தத் தேதியை
சிவப்பு மையால் வளைத்து வைத்திருக்கிறான் வேட்.
கேக் வாங்குவதற்காக அல்ல.

இங்கே குத்தாயிசியில்
நான் வண்டி ஓட்டுவது வேறோர் அட்டையில்.
ரியோனிப் பாலத்தின் நடுவில்
படுத்து அசைபோடும் மாடுகள்
எந்த அட்டையையும் கேட்பதில்லை.
ஹாரன் அடித்தால்
ஒரு காது மட்டும் ஆடும்.

எதற்கு அந்த வயோமிங் அட்டை என்றால்
"நாளைக்கே திரும்ப வேண்டி வந்தால்?" என்பான்.
பதினோரு வருஷமாக
அந்த நாளை விடியவில்லை.

அவன் அக்கா லோர்னாவின் முகவரிதான்
இன்னமும் என் முகவரி.
அவள் தபால்பெட்டிக்குள் ஒருத்தி
வாடகை தராமல் குடியிருக்கிறாள்,
பீட்சா கூப்பன்களுக்கு நடுவே.
லோர்னா மாதம் ஒருமுறை
அவளை உறையிலிட்டு அனுப்புகிறாள்.

படிவம் வந்தது.
கண் பரிசோதனைத் தாளில்
டாக்டர் குவாந்தலியானி
ஆங்கிலத்தில் எழுதிவிட்டு
முத்திரையை எங்கள் எழுத்தில் குத்தினார்,
அதுவும் தேதியின் மேலேயே.
வேட் நெற்றியில் அடித்துக்கொண்டான்.
மறுபடி தாள், மறுபடி அதே எழுத்துப் பலகை.
இந்த முறை கடைசி வரி மனப்பாடம்.

கண்: பழுப்பு.
அதில் சண்டையில்லை.
முடி: பழுப்பு.
"அப்படியே இருக்கட்டும்" என்றான், என் தலையைப் பார்க்காமல்.
எடை?
"பழையதையே போடேன்."
ஒன்பது கிலோ பொய்.
பவுண்டில் எழுதும்போது
யாரோ இன்னொருத்தியின் பொய் போல இருந்தது.

பிறகு அந்தக் கட்டம்.

முதல் தடவை கவுன்டரில் இருந்த பெண்
ஏதோ கேட்டாள்.
வெளியே காற்று
கொடிக்கம்பத்தைப் பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்தது.
அப்போது என்னிடம் எல்லாக் கேள்விக்கும்
ஒரே பதில்: யெஸ்.
அட்டை வந்தபோது
ஓரத்தில் சின்னதாக ஒரு சிவப்பு இதயம்.
கல்யாணமானவர்களுக்குப் போடுவார்கள் போல என்று
ஒரு வருஷம் முழுக்க
நினைத்துக்கொண்டிருந்தேன்.
சொன்னதும் வேட் சிரித்த சிரிப்பில்
வண்டியை ஓரங்கட்ட வேண்டியிருந்தது.
"நத்தேலா, நீ செத்தால்
உன் ஈரல், சிறுநீரகம், எல்லாவற்றையும்
எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய்."

அதே கேள்வி இப்போது மேசைமேல்.
அகராதி வேண்டியதில்லை எனக்கு.
"விடு, அதைக் காலியாக விடு" என்றான்.
"எப்படியும் சாகப்போவது இங்கேதானே."

சொல்லி முடித்த பிறகுதான்
அது அவன் காதிலேயே விழுந்தது.
காலண்டர் பக்கம் திரும்பி
ஏதோ பண்டிகை எப்போது வருகிறது என்று தேடினான்.
மேல்மாடியில் யாரோ
வால்நட் உடைக்கும் சத்தம்.
ஒன்று. பிறகு வெகுநேரம் கழித்து
இன்னொன்று.

நான் எதுவும் கேட்கவில்லை.
கட்டத்தில் குறி போட்டேன்.
கொஞ்சம் அழுத்திப் போட்டதில்
அடித்தாளிலும் பதிந்துவிட்டது.

தபால் நிலையத்துக்கு நானே ஓட்டினேன்.
உறை அவன் மடியில்,
இரண்டு கையாலும் பிடித்தபடி.
பாலத்தில் இன்றும் ஒரு செவலை மாடு.
வேட் இறங்கிப் போய்
அதனிடம் ஆங்கிலத்தில் பேசினான்,
பிறகு அவனுடைய அரைகுறை ஜார்ஜியனில்.
அது எழுந்திருப்பதாக இல்லை.
நான் எஞ்சினை அணைத்துவிட்டு
கண்ணாடியை இறக்கிக்கொண்டேன்.