தண்ணீராய் ஒரு கல்

வந்தாறுமூலை லாப்பில்
மூன்று மணிக்குக் கரண்ட் போயிற்று. வெளியே மழை இருட்டு.
கிளிசரின் குழாயின் பாதியில் இரும்புக் குண்டு
யாரும் அளக்காமலே இறங்கிக்கொண்டிருந்தது.

கல்லை உருக்கி அதற்குள் விட்டால்? என்றாள் ஜெனோசா.
வாகரைக்காரி. வீட்டுக்குப் பின்னால் சூளை.
முருகைக்கல் உருகாதென்று
என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்:
சுட்டால் மூச்சை விடும்,
வெளுத்து உதிரும்,
தண்ணீர் தெளித்தால் சீறும்.
அவ்வளவுதான்.

மேலே அவ்வளவுதான்.
கீழே மூச்சுவிட இடமில்லை, பிள்ளை.
இருநூறு கிலோமீற்றர் பாறை நெஞ்சில் ஏறி இருக்க
மூச்சை உள்ளேயே அடக்கிக்கொண்டு
உருகுகிறது சுண்ணக்கல்.
பாகாக இல்லை. எரிமலைக் குழம்பின் சோம்பலும் இல்லை.
இந்தப் பைப்பில் வருகிற தண்ணீராக.

யாரோ, எங்கோ,
கடுகிலும் சிறிய பிளாட்டினக் குண்டை அதற்குள் விட்டு
எக்ஸ்ரேயில் பார்த்தார்களாம்.
கண்ணை மூடித் திறக்குமுன்
அடியில் கிடந்ததாம்.

"ஓடுறதுக்கு வழி?"

போன மாரியில் பாலமீன்மடுவில் நின்றேன்.
முகத்துவாரம் வெட்ட வரும் பெக்கோவுக்காக
ஊரே காத்திருந்தது.
வாவி ஒரு பக்கம் வீங்கி, கடல் மறுபக்கம்,
நடுவே மணல்மேடு, அசையாமல்.
செருப்பைக் கழற்றினேன்.
கடற்பக்கத்துச் சரிவில் ஊறிய நீரை
விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்:
உப்பில்லை.
பெக்கோ வருமுன்பே
பரலுக்கும் பரலுக்கும் நடுவால்
வாவி போய்க்கொண்டிருந்தது.

அங்கேயும் பரல்கள்தான், பச்சைப் பரல்கள்.
விளிம்புகளை நனைத்து நனைத்து
ஒரு சொட்டு இன்னொரு சொட்டைத் தொட்டால் போதும்.

"அவ்வளவு ஆழத்துக்குச் சுண்ணாம்பு எப்படி மிஸ் போனது?"

சொல்லாமல் விட்டிருக்கலாம்.
சுமாத்திராப் பக்கம் கடலடி சரிந்து உள்ளே போகிறது,
சிப்பியையும் சேற்றையும் சுமந்து
நகம் வளரும் வேகத்தில்.
சிலவேளை சிக்கிக்கொள்ளும்.
நூறு வருடம், இருநூறு வருடம்.
மறுகா ஒருநாள் காலை
சட்டென்று விடும்.

ஜெனோசா பிறந்தது இரண்டாயிரத்து ஆறில்.
அவளுக்கு ஓர் அக்கா,
பள்ளிக்கூடம் சேர்க்கும் வயது வராதவள்,
சுவரில் இருக்கிறாள்.

மின்விசிறி சுற்றத் தொடங்கியபோது
குண்டு அடியில் கிடந்தது.
நேரம் எழுதும் கட்டத்தில் அவள் எழுதினாள்:
விழுந்தது. பார்க்கவில்லை.

பிறகு காந்தத்தைக் குழாயோடு ஒட்டி
மெல்ல மெல்ல மேலே இழுத்து
குண்டைத் துணியில் துடைத்தாள்.
"திரும்ப விடுவம், மிஸ்."