பதினாலாம் நம்பர் டிரம்

கப்பலில் சமையல் வேலைக்குப் போன வால்ட்டர்
தைவானிலிருந்து கொண்டுவந்தான் ஒரு தகர டப்பா.
மூடியில் ஒரு பழம்:
கன்னம் சிவந்தது, நடுவில் கோடு விழுந்தது.
காலடிப்பேட்டையில்,
மெட்ரோ தண்ணி லாரிக்குக் குடங்களை வரிசையில் விட்டுவிட்டு
மொட்டைமாடியில் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம்.

தூள் இல்லை உள்ளே,
கரும்பச்சையில் உருண்டை உருண்டையாய் ஏதோ.
"மொளகு மாரிகீது" என்றாள் பவுனு.
"பால் ஊத்தக் கூடாது, சக்கரையும் கூடாது" என்றான் வால்ட்டர்.
"அப்பறம் இன்னாத்துக்கு அதுக்கு டீன்னு பேரு?"
வீட்டுக்காரர் தணிகாசலம்.

பிளாஸ்க்கிலிருந்து சுடுதண்ணி விழுந்ததும்
உருண்டைகள் மெல்லக் கைகால் நீட்டின,
நைட் ஷிப்டு முடிந்து பாயில் விழுந்தவர்களைப் போல.

மூக்கருகே கொண்டுபோனால் ஆளுக்கொரு பழம்.
பன்னீர்க் கொய்யா என்றாள் பவுனு.
கல்யாண வீட்டு ஐஸ்கிரீமில் டின்னிலிருந்து எடுத்துப் போடுவார்களே,
அது என்றார் தணிகாசலம்.
பிறகு மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்குத் தெரியும்.
பார்த்ததில்லை, கடித்ததில்லை,
தோல் வழுக்குமா சொரசொரக்குமா தெரியாது,
ஆனாலும் தெரியும்.
மணலி எசென்ஸ் கம்பெனியில்
பதினாலாம் நம்பர் நீல டிரம்.
ஒன்பது வருஷமாய் அதிலிருந்து கேனுக்கு ஊற்றி
மூடி திருகி லேபிள் ஒட்டுகிறேன்.
பீச்.
கையுறை ஓட்டை வழியே ஒரு சொட்டு பட்டால்
மூன்று நாளைக்குச் சோற்றில், நெத்திலிக் குழம்பில்,
எண்ணெய் தேய்த்துவிட்ட பிள்ளையின் தலைமுடியில்.
பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி
"இன்னா சென்ட்டுக்கா போட்டுக்கீற?" என்பாள்.

"தெரியலையே" என்றேன் அவர்களிடம்.
லீவு நாளில்
சூப்பர்வைசர் வீட்டு வாசலில் வந்து நின்ற மாதிரி இருந்தது.

அதே இலையில் இரண்டாம் தண்ணி.
பழம் கொஞ்சம் தள்ளி நின்றது.
லாரி ஹாரன் கேட்டதென்று பவுனு இறங்கிப் போனாள்.

மூன்றாம் தண்ணியில் பதினாலாம் நம்பர் இல்லை.
சோப்புப் போட்டும் போகாதது
சுடுதண்ணியில் போயிருந்தது.
மிச்சமிருந்ததை என்னவென்று சொல்ல?
வறுத்த பயறு, இல்லை.
ஈரச் சேலையில் இஸ்திரிப்பெட்டி வைத்ததும் எழுமே, அதுவா?
கொஞ்சம்.
முதலில் லேசாகத் துவர்த்தது.
தொண்டையில் இறங்கி, சரி முடிந்தது என்று நினைத்தபோது
திரும்பி மேலே ஏறி வந்தது ஓர் இனிப்பு,
யாரும் போடாத இனிப்பு.
அதற்கு எங்கள் கம்பெனியில் டிரம் கிடையாது.

காற்று திரும்பி, மணலிப் பக்கமிருந்து கேஸ் வாடை.
டம்ளரை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.
"லாரி வந்துட்ச்சு, ஒன் கொடத்த நானா தூக்குவேன்?"
கீழிருந்து பவுனு கத்தினாள்.

"இன்னொரு தண்ணி தாங்குமாடா இது?" என்றேன்.
வால்ட்டர் பிளாஸ்க்கைக் குலுக்கிப் பார்த்தான்.
அரை டம்ளருக்கு இருந்தது.