நிறுக்கும் முன்

காலை ஆறே முக்காலுக்கு
முதல் லோரி வருமுன்
மேடையைக் கூட்டுவது என் வேலை.
குவாலா கெட்டில் செம்பனை ஆலையில்
பதினோரு வருஷமாய் நான் எடைக் கிராணி.

இரவு மழை இழுத்து வந்த செம்மண்,
உதிர்ந்த பழங்கள், ஒரு தவளை,
டயர் கழற்றிப் போட்ட களிமண் கட்டிகள்.
அறுபது கிலோ என்கிறது சிவப்பு எண்.
மேடையில் லோரி ஒன்றும் இல்லை.

"வெறும் லோரியையும்தான் நிறுக்கிறீங்க, கழிஞ்சு போயிடுமே"
என்பார் டிரைவர் ஆ கியோங்.
கழியும், மண் அசையாமல் கிடந்தால்.
நண்பகல் மழை பாதியை அடித்துப் போனால்?
யாருடைய பாரத்தில் யாருடைய சேறு
என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது.
எண் மட்டும் தெளிவாக ஒளிரும்.

ஞாயிறு மெதடிஸ்ட் கோயிலில் மூன்றாவது பெஞ்சு.
விசுவாசப் பிரமாணத்தை
ஒரு சொல் தவறாமல் சொல்லிவிடுவேன்.
திங்கள் விடிவதற்குள் ஏதோ சேர்ந்துவிடும்.

போனஸ் வந்த மாதம் அவர் என் கட்சி.
பல் வலித்தால்
காணிக்கையில் குறைத்த பத்து வெள்ளி ஞாபகம் வரும்.
பைப்பாஸ் வளைவில் மோட்டார் சறுக்கி
முழங்கை சிராய்ப்போடு எழுந்தபோது
"என்னைக் காத்தார்" என்று சாட்சி சொன்னேன்.
அதே வளைவில் அடுத்த மாதம் செத்துப்போன
நேப்பாளிப் பையனைப் பற்றி
எந்த ஞாயிறும் பேசவில்லை.

சில நாள் அவருக்குப் பழைய தண்டலின் குரல்:
பெயர் கூப்பிடுவார், அரை நாள் வெட்டுவார்.
சில நாள் துரை. பங்களா நாய்க்குப் பயந்து
பின்வாசலில் நின்று மனு கொடுப்பேன்.
சில நாள், சொல்லவே கூசுகிறது,
நாலு நம்பர் கடையின் சின்ன ஜன்னல்.

மார்ச்சில் திர்சாளின் குழந்தை,
பிறந்து பதினாறாம் நாள்,
சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரியில்.
நாற்காலிகள் போட்டிருந்தார்கள்.
நான்தான் அவள் கையைப் பிடித்துச் சொன்னேன்:
"ஆண்டவருக்கு ஒரு பூ தேவைப்பட்டதும்மா."

எங்கே படித்தேன்? எங்கும் இல்லை.
சாவு வீடுகளில்
பிஸ்கட் தட்டோடு சுற்றிவரும் வாக்கியம்.
எனக்கு முன்னால் வந்தது, எடுத்துக்கொண்டேன்.

திர்சாள் அழுவதை நிறுத்தினாள்.
"அவர்கிட்ட பூ இல்லையாக்கா?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
யாரோ காபியை ஆற்றினார்கள்,
மேலும் மேலும் ஆற்றினார்கள்.

அன்றிரவு வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு
பூப் பறிக்கிறவரைத் தேடினேன். கிடைக்கவில்லை.
ஒரு கல்லறையின் முன்னால்
அழுதுகொண்டு நின்றவர் இருந்தார்.
இன்னும் சற்று நேரத்தில் செத்தவனைக் கூப்பிடப் போகிறவர்,
தெரிந்தும் அழுதார்.
ஞாயிறு பள்ளிப் போட்டியில்
ரொம்பச் சின்ன வசனம் என்பதால்
நான் பொறுக்கிக்கொண்ட வசனம் அது.
பென்சில் பெட்டி பரிசு.

வருஷத்துக்கு ஒருமுறை என்சிக் ரஸாலி வருவார்,
முத்திரையிட்ட இரும்புக் கட்டிகளோடு.
இதுவரை எத்தனை டன் நிறுத்தாய் என்று கேட்கமாட்டார்.
கட்டியை வைப்பார், எண்ணைப் பார்ப்பார்.
கட்டி எண்ணுக்காக இளைப்பதில்லை.
எண்தான் நகர வேண்டும்.

நாலாம் நாள் மறுபடி போனேன்.
வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல்
"பூன்னு சொன்னது பொய்" என்றேன்.
"ஏன்னு எனக்குத் தெரியாது திர்சா.
அவர் அழுதார்னு மட்டும் தெரியும்."

அவள் பதில் ஒன்றும் சொல்லவில்லை.
ஆலைப் பக்கம் வானம் கறுத்திருந்தது.
"மழை வருதுக்கா, துணி எடுக்கணும்" என்றாள்.

கொடியிலிருந்து இருவரும் எடுத்தோம்.
சின்னவையும் இருந்தன,
துவைத்து.