நூறு வருஷத்துக்கு ஒரு வாரம்

இடமாற்றல் உத்தரவில் குளியலறை பற்றி ஒரு வரியும் இல்லை.
செக்காலையில் கிடைத்த வீட்டில் அது ஆறுக்கு நாலு,
தரையிலிருந்து தலைக்கு மேல் வரை வெள்ளை டைல்ஸ்.
உள்ளே போனால்
ஊசி போடக் கூப்பிடுவார்களோ என்றிருக்கும்.

சம்பளம் வந்ததும் ட்ரில் மெஷின் வாடகைக்குக் கேட்டேன்.
நாளுக்கு இருநூறு, முன்பணம் ஆயிரம்.
"யாரு ஓட்டப் போறா?" என்றார் கடைக்காரர்,
ஏதோ லாரி கேட்டுவிட்டதைப் போல.

முனீஸ்வரன் கோயில் தெருவில்
கதவுகள் வரிசையாய் நிற்கின்றன, பக்கத்தில் சுவரில்லாமல்.
அவற்றின் காலடியில் கிடந்தது என் பலகை.
நாலடி. எண்ணெய் குடித்துக் கறுத்து,
ஓரமெல்லாம் பூச்சி அரித்த துளைகள்.
"பர்மாத் தேக்கு, நூறு வருஷம்,
உங்களுக்காக மூவாயிரத்தைந்நூறு."
அந்த 'உங்களுக்காக'வில் ஐந்நூறு குறைத்தேன்.
டவுன் பஸ்ஸில் அதற்கும் ஒரு டிக்கெட்.

ஆத்தங்குடிக் கல்லில் உடைந்தவை ஒரு சாக்கு, எடைக்கு.
அரைப் பூ, கால் பூ, காம்பு மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை
முதல் துளை ஒழுங்காய் விழுந்தது.
இரண்டாவதில் சுவர் என் முகத்தில் துப்பியது.
ஓட்டையில் விரலை வைத்து நின்றேன் முக்கால் மணி நேரம்,
மற்ற கையில் ஃபோன்.
பிளம்பர் ஆரோக்கியராஜ் பூசை முடிந்து
வெள்ளைச் சட்டையோடு வந்தார்.
"விரலை எடுத்துறாதீங்கக்கா" என்றார்.
பிறகு சட்டையைக் கழற்றி, மடித்து,
நனையாத இடம் தேடி வீட்டையே ஒரு சுற்றுச் சுற்றினார்.

அடுத்த ஞாயிறு உப்புத்தாள்.
பத்தே நிமிஷத்தில் உதிர்ந்தது நூறு வருஷம்.
அடியில் மஞ்சளாய், ஈரம்கூடக் காயாத வேம்பு.
தேயிலைச் சாயம், வண்டியில் வடித்த பழைய ஆயில்.
பூச்சித் துளைகளை யாரோ ஆணியால் குத்தியிருந்தார்கள்,
அவசரப்படாமல், பூச்சியைப் போலவே யோசித்து.
பின்பக்கம் மார்க்கரில் பத்து இலக்கம்.

அழைத்தேன், திட்டுவதற்கு.
ஒரு பையனின் குரல்:
"எத்தனை பலகை? எத்தனை வருஷம் வேணும்?"
வாய் தானாய்ச் சொன்னது: நூறு.
"நூறுன்னா ஒரு வாரம் ஆகும்.
ஐம்பது போதும்னா புதன்கிழமை வந்து எடுத்துக்கங்க."
திட்ட மறந்துபோனது.
ஒரு சட்டித் தண்ணிக்கு எத்தனை கரண்டித் தேயிலை என்று
கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

மாட்டியாயிற்று.
பலகை இடப்பக்கம் அரை விரல் சரிவு,
தினமும் காலையில் சோப்பு வாளிக்குள் குதிக்கிறது.
கண்ணாடியைச் சுற்றி உடைந்த பூக்கள்.
அரிக்கேன் விளக்கு, உள்ளே எல்இடி.
தேங்காய்நார்க் கயிற்றில் ஒரு பித்தளைச் சொம்பு.

ஐந்தாம் தேதி வாடகைக்கு வந்தார் உமையாள் ஆச்சி.
(இந்த ஊரில் நாற்பது வயதும் ஆச்சிதான்.)
ஹெல்மெட்டைக் கழற்றாமலே எட்டிப் பார்த்தார்.
கண்ணாடிக் கவசத்தை மட்டும் மேலே தூக்கினார்.
"நான் வாக்கப்பட்ட வீட்டுல
குளிக்க நாலு கட்டு தாண்டிப் போகணும்.
கையில இதே அரிக்கேன். இதே மாதிரி இருட்டு.
பங்கு பிரிச்ச காசுல முதல்ல வாங்குனது
இந்த வெள்ளை டைல்ஸ்தான்.
ஒவ்வொண்ணாத் தட்டி, சத்தம் கேட்டு எடுத்தேன்."

பதில் வரவில்லை எனக்கு.
மூன்று மாதமாய்க் குளிக்கிற இடத்தில்
அந்த வெள்ளையை அன்றுதான் பார்த்தேன்.
ஒரு கல்கூடக் கோணவில்லை.

அவர் விரல் நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார்.
"ஏழு ஓட்டை. அட்வான்ஸ்ல பிடிச்சுக்கிறேன்.
சொம்பு நல்லாருக்கு, எங்க வாங்குனீங்க?"

எட்டு.
எட்டாவதன் மேல்தான்
சொம்பு தொங்குகிறது.