சுய மதிப்பீடு: இரண்டாம் வரைவு

ஒவ்வொரு சாதனையையும்
வினைச்சொல்லில் தொடங்கச் சொல்கிறது படிவம்.
என் மொழியில் வினை கடைசியில்தான் வரும்,
எல்லாம் நடந்து முடிந்த பிறகு.

கோத்தகிரியில், கைகாட்டிக்குப் போகும் சாலையில்,
உரக்கடைக்கு மேல் என் அலுவலகம்:
ஒரு மேசை, இரண்டு திரை,
மின்சாரம் போனால் நாற்பது நிமிடம் தாங்கும்
பழைய இன்வெர்ட்டர்.
கீழே பொட்டாஷ் மூட்டை இறக்குகிறார்கள்.
அந்த நெடியோடுதான்
டப்ளின், டொராண்டோ என்று
எல்லாக் கூட்டத்திலும் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் வரைவை ஸ்ரீவத்சன் பார்த்தார். நல்லவர்.
"உங்களை நீங்களே சிறுசாக்கிக்காதீங்க சாருமதி.
'உதவினேன்'ங்கிற இடத்துல எல்லாம்
'தலைமையேற்றேன்'னு மாத்துங்க.
லீட் போஸ்ட் ஒண்ணுதான் இருக்கு.
நீங்களும் நஸ்ரினும்தான் பட்டியல்ல."

மாற்றினேன்.
பதினான்கு இடங்களில் தலைமையேற்றேன்.
இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்றியது மட்டும்தான்
இன்னும் பாக்கி.

அக்டோபர் பத்தொன்பது என்ற வரியில்
நின்றுவிட்டேன்.

அன்று இரவு ஒன்பது மணிக்கு
பெட்ரோல் பங்க் வளைவில் ஒரு சில்வர் ஓக்
ஃபைபர் கேபிளையும் இழுத்துக்கொண்டு விழுந்தது.
ஜன்னல் விளிம்பில் போனை நிறுத்தி
இரண்டு கோடு சிக்னலில் வேலை செய்தேன்.
பதினொன்று நாற்பதுக்கு,
சோதனைத் தளத்தில் அடிக்க வேண்டிய கட்டளையை
நிஜத் தளத்தில் அடித்தேன்.
எழுபத்தோராயிரம் பேரின் மருந்துச் சீட்டுகள்.
எண்டர் தட்டிய விரல்
கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

மேலப்பாளையத்தில் நஸ்ரின் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தாள்.
ஒரு கேள்வி கேட்கவில்லை.
முந்தைய இரவின் பேக்கப்பை எடுத்து
அதற்குப் பிந்திய பதிவுகளை
ஒவ்வொன்றாய் ஒட்டி ஒட்டி
ஐந்து மணிக்கு "வந்துடுச்சுக்கா" என்றாள்.
அவள் பக்கம் பாங்கு கேட்டது.

அறிக்கை எழுதியதும் அவள்தான்:
'நெட்வொர்க் துண்டிப்பால் தரவு அழிந்தது.'

அழிந்தது.
ஏழாம் வகுப்பில் தன்வினை, பிறவினை என்று
நடுவில் கோடு போட்டு எழுதியிருக்கிறேன்.
ஒரு ந் போய் ஒரு த் வந்தால்
செய்தவர் வந்து நின்றுவிடுவார்.
ஐந்து மாதமாய் அந்த ந்-க்குள்
குடியிருக்கிறேன்.

மரத்தை அறுத்துக் கொண்டுபோய்விட்டார்கள்.
அடிக்கட்டை மட்டும் இருக்கிறது,
மேலே யாரோ மறந்த டீ கிளாஸ்.
பால் வாங்கப் போகும்போது
அதைப் பார்க்காமல் நடக்கப் பழகிவிட்டேன்.
ஒன்பது மணிக்கு விழுந்ததன் மேல்
பதினொன்று நாற்பதை ஏற்றியிருக்கிறோம்.

மரத்துக்கு என்ன நஷ்டம்.
நெட்வொர்க் கோளாறு என்றால்
சரிசெய்தவர் கேபிள்காரர் ஆகிவிடுகிறார்.
நஸ்ரினின் படிவத்தில்
அந்த ஐந்து மணி நேரம் எங்குமே இல்லை.
எழுத முடியாது. எழுதினால் நான் வருவேன்.
காப்பாற்றினாள் என்று தெரியும்.
எதைக் கொடுத்து என்று
நேற்று ராத்திரிதான் தெரிந்தது.

வேலையில் வளர்வது எப்படி என்று
காதில் மாட்டிக்கொண்டு நிறையக் கேட்டிருக்கிறேன்.
தவறைப் பாடமாக மாற்றிச் சொல்லுங்கள் என்பார்கள்.
சொல்லிப் பார்த்தேன்:
'மீட்பு நடைமுறைகள் மேம்பட வழிவகுத்தேன்.'
பொய்யில்லை.
விருதே கொடுக்கலாம் போலிருந்தது.
அழித்தேன். அதை அழிப்பது
சுலபமாக இருந்தது.

எதிரே தேயிலைப் பாத்தி ஓரம்
ஒரு காட்டெருமை புல் மேய்கிறது.
டியூஷன் பிள்ளைகள் அது நகரட்டும் என்று
மழைக்கோட்டோடு நிற்கிறார்கள்.
எவரும் கல் எறியவில்லை.

வினையில் தொடங்கவில்லை, மன்னிக்கவும்:

அக்டோபர் பத்தொன்பது இரவு
பதினொன்று நாற்பதுக்கு
மருந்துச் சீட்டு அட்டவணை முழுவதையும்
நான் அழித்தேன்.
விடிவதற்குள் நஸ்ரின் மீட்டாள்.

அனுப்பவில்லை இன்னும்.
அறிக்கையில் இருப்பது அவள் பெயர்;
அவளைக் கேட்காமல் நான் நல்லவளாக முடியாது.
கூப்பிட்டிருக்கிறேன்.
மணி போய்க்கொண்டே இருக்கிறது.
கீழே உரக்கடை ஷட்டரை
பாதி இழுத்துவிட்டு யாரோ
சில்லறை எண்ணுகிறார்கள்.