வலது பக்கம்

மூலக்கடை மேம்பாலத்துக்குப் பின்னால்
கௌஸின் பட்டறை.
வண்டியை நிறுத்தி இறங்குவதற்குள் கேட்டுவிட்டான்:
"இந்தப் பக்கம் யாருக்கா உக்கார்றது?"

ஸ்டியரிங் இருக்கும் பக்கம்.
நான்தான். பதினோரு வருஷமாய்.
எடை கேட்கவில்லை, நல்ல பிள்ளை.

வனத்துறை ஏலத்தில் எடுத்த ஃபோர் வீல் பிக்கப்.
மேலே வெள்ளை அடித்துவிட்டேன்,
கதவு இடுக்கில் இன்னும் பச்சை.
யானை பார்த்த வண்டி என்று
எர்ணாவூர்ப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கும்.
இப்போது அது பார்ப்பதெல்லாம்
காசிமேட்டு ஐஸ் பெட்டி,
கருங்கல் கொட்டிய கரை,
எஞ்சின் படுத்து மணலில் ஒதுங்கும் ஃபைபர் படகு.
லோ கியர் போட்டுக் கயிறு இறுகும்போது
பின்னால் ஒரு முனகல் கேட்கும்.
கயிறு என்றே நினைத்திருந்தேன்.

தடைக்காலம். படகுகள் கரையில்.
வண்டிக்கும் வேறு வேலை இல்லை.

யூ போல்ட் கழலவில்லை.
உப்பு தின்று ஒட்டிக்கொண்டது.
கேஸில் அறுத்தான். "இத திரும்பப் போடக் கூடாதுக்கா,
புதுசுதான்" என்றான், நான் வாய் திறக்கும் முன்பே.
கமான் கட்டு தொப்பென்று தரையில் விழுந்து
ஏழு பட்டையாகப் பிரிந்தது.
நடுவே துருப்பொடி,
ஒரு மீன் செதில். எப்படிப் போனதோ.

இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு நூல் பிடித்தான்.
இடது பட்டை நூலுக்குக் கீழே நாலு விரல் தொங்கியது.
வலது,
நூலோடு நூலாகப் படுத்திருந்தது.
அவன் என்னைப் பார்க்காமல் நூலையே பார்த்தான்.

புது செட்டு பதினாலாயிரம்.
என்னிடம் ஆறு.
மெயின் பட்டை காதோரம் விரிசல்,
அதற்கு மட்டும் உடைத்த ஜீப்பிலிருந்து ஒன்று.
மற்றதெல்லாம் அடித்து வளைக்கலாம்.

தரையில் சாக்பீஸால் ஒரு வில் வரைந்தான்.
இரண்டு இரும்புக் கட்டைக்கு நடுவே பட்டையை வைத்து
குழிந்த பக்கத்தில் சம்மட்டி.
ஒரு அடி. ஒரு விரல் நகர்த்து. இன்னொரு அடி.
நெருப்பில்லை, பச்சை இரும்பு.
நடுவிலிருந்து நுனிக்கு,
மறுபடி நடுவிலிருந்து மறு நுனிக்கு.
கோட்டில் வைத்துப் பார்ப்பான், தலையாட்டுவான், எடுப்பான்.
பட்டறைப் பையன் டேனி
எதிர்க்கடையில் எனக்கு டீ வாங்கி வந்தான்.
ஒவ்வொரு அடிக்கும் டீயில் வட்டம் வந்தது.
முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டேன், ஏனென்று தெரியாமல்.

மூணு மணிக்கு எல்லாம் ஏறிவிட்டது.
பட்டைக்கிடையே கிரீஸ், புது புஷ்,
ஷாக்கிள் போல்ட்டை மட்டும் கையால் திருகி விட்டுவிட்டான்.
ஜாக்கி இறங்கியது. சக்கரம் தரை தொட்டது.

"ஏறி உக்காருக்கா."

எதுக்கு?

"ஆகாசத்துல முறுக்கினா புஷ் கிழிஞ்சிடும்.
தினம் எவ்ளோ வெயிட் உக்காருமோ
அவ்ளோ உக்காரும்போதுதான் முறுக்கணும்."

ஏறினேன்.
படி உயர்ந்திருந்தது, புடவையைச் செருக வேண்டியிருந்தது.
கீழே அவன் ஸ்பேனர்
கடக், கடக் என்று
என் எடையைக் கணக்கில் எடுத்துக்கொண்டது.
மூச்சுகூட சரியாக விடவில்லை நான்.
"சாதாரணமா இருக்கா" என்றான், வண்டிக்கடியிலிருந்து.

திருவொற்றியூர் தாண்டும்போது இருட்டிவிட்டது.
பழக்கத்தில் உடம்பு இடதுபக்கம் சாய்ந்தே ஓட்டியது.
இனி சாயத் தேவையில்லை என்று
அதற்கு யாரும் சொல்லவில்லை.
பள்ளத்தில் விழுந்தபோது முனகல் இல்லை.
பின் கண்ணாடியில் ரோடு இல்லை, ஆகாசம்.

குடியிருப்புக்குள் திரும்பினேன்.
ஹெட்லைட் நேராக இரண்டாவது மாடியில் ஏறி நின்றது.
"எவடி அது, லைட்ட எறக்கு!"

மல்லிகேஸ்வரி.
மூணு மாச சீட்டுப் பணம் பாக்கி.
பழவேற்காட்டில் தங்கச்சி வீட்டில் இருக்கிறாள் என்று
காலையில்தான் அவள் பையன் சொன்னான்.

கையில் வெங்காயம், கண்ணைச் சுருக்கிக்கொண்டு
பால்கனியில்.

லைட்டை இறக்க ஸ்க்ரூ டிரைவர் வேண்டும்.
இருந்தது, டேஷ்போர்டில்.
எஞ்சினை அணைக்காமல்
கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.