நடுக்கதிரை

மாங்குளம் கூட்டுறவுச் சங்க மண்டபத்தில்
ஒன்பதுக்கென்ற அமர்வு பத்தே முக்காலுக்குத் தொடங்கியது.
கொழும்பிலிருந்து நாலு பேர். ஒலிவாங்கி ஒன்று,
அதுவும் விட்டு விட்டு.
அவர்கள் மேசைக்கும் சனத்துக்கும் நடுவில்
கால் ஆடுகிற கதிரை எனக்கு.
மொழிபெயர்ப்பாளர். நாளொன்றுக்கு மூவாயிரம், மதியச் சாப்பாடு.

புதிய யாப்புக்கு உங்கள் யோசனை என்ன, என்றார் தலைவர்.
தமிழில் சொன்னேன்.
டியூட்டரி நடத்தும் கிருபைநாதன் பின்னாலிருந்து கேட்டார்:
வெண்பாவோ, ஆசிரியப்பாவோ?
தளை தட்டாமல் பாருங்கோ,
காலில மாட்டுறதுக்கும் அதுதான் பேர்.
சிரித்தார்கள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

பெருமாயி எழுந்தாள்.
நாடு பொறந்த வருசந்தாங்க நானும் பொறந்தேன்.
அதே வருசம் சட்டம் போட்டாங்க,
நான் இந்த நாட்டு ஆளு இல்லேன்னு.
எழுபத்தேழில் புசல்லாவையிலிருந்து ஓடிவந்து
காடு வெட்டிய அரை ஏக்கருக்கு
இன்னும் காகிதம் இல்லை.
தலைவர் பேனாவை மூடினார்: இது கச்சேரி விசயம்.
இல்லீங்க, என்றாள், இதுதான் மொத விசயம்.

யோகமலர் வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில்
வனத்திணைக்களத்து எல்லைக்கல்.
வீடு மாகாணத்துக்கு, கிணறு மத்திக்கோ?
அப்ப, வாளி எந்தப் பட்டியலில வரும்?

நிஸ்தார் காக்கா எழுதிவந்த தாளை
நெடுநேரம் பார்த்துவிட்டு மடித்தார்.
தொண்ணூறில எங்களைப் போகச் சொன்னதும் தமிழிலதான்.
அதையும் சொல்லுங்க தம்பி.
சொன்னேன்.
என் குரல் தாழ்ந்ததை ஒலிவாங்கி காட்டிக்கொடுத்தது.

முதல் பஸ்ஸில் வந்து கடைசியில் பேசியவர் குணவதி.
இப்போது கதிரையைச் சனத்தின் பக்கம் திருப்பினேன்.
அவர் வெலிஓயா என்றார்.
என் வாய் மணலாறு என்றது.
சொல்லுக்குச் சொல் சரி. மணலுக்கு மணல், ஆற்றுக்கு ஆறு.
மண்டபத்தில் பாதி என்னை நிமிர்ந்து பார்த்தது.
குணவதியும் பார்த்தார்.
பிறகு, கொண்டுவந்து இறக்கியவர்கள்
பழைய பெயரை எங்களுக்குச் சொல்லவில்லை, என்றார்,
தண்ணீரும் விடவில்லை.

மூன்று மணிக்குத் தலைவர் தன் சொல்லை எடுத்தார்.
ஏக்கிய.
ஒற்றை என்றால் சனம் எழும்பிப் போகும்.
ஒருமித்த என்றால் மேசையில் ஒருவர் எழும்புவார்,
அவருக்குத் தமிழ் விளங்கும்.
தண்ணீர் குடித்தேன். போத்தல் முடிந்தது.
எதைச் சொன்னால்தான் என்ன,
இரண்டு பிரதியும் முரண்பட்டால் சிங்களமே செல்லும் என்று
பழைய யாப்பில் ஒரு வரி கிடக்கிறது.
ஆனாலும் நூறு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏக்கிய, என்றேன், தமிழிலும்.

பின்னாலிருந்து கிருபைநாதன், மெதுவாக:
தனிச்சொல்.

பொழுதுபட ஒரு படிவம் நீட்டினார்கள்,
மேற்படி பெயர்ப்பு உண்மையானதும் முழுமையானதுமாகும்.
கையொப்பத்துக்கு முன் முதல் பக்கத்தைத் தேடி
ஓரத்தில் எழுதினேன்: சிரிப்பு.
எதுக்குச் சிரிச்சவை எண்டும் போடவோ,
என்றாள் தட்டச்சுக்காரி.
அவளுக்கு ஆறு மணிக்கு பஸ்.